‘பார்வை நன்று’ என்று நான் குத்திய முத்திரை

ஒருவரிடம் ‘உங்கள் கண் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதற்கு நமக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

நான் படித்த எந்தப் பாடமும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. நாகல்கேணியில் ஒரு தோல் பதனிடும் கூடத்தில் வேலை செய்த ஏழுமலை என்பவர் கேட்டார். அவர் கேட்ட சொற்கள் வேறு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

கண் முகாம் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி என்னை அழைத்தவர்கள், நான் செய்து முடித்த நல்ல காரியங்களைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அப்படிச் சிலவும் உண்டு. அவற்றை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். இதை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றுக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய கண் மருத்துவமனையில் முகாம் அமைப்பாளராகச் சேர்ந்தேன். நான் மருத்துவரும் அல்ல, செவிலியரும் அல்ல. வெளிர்நிறப் புடவையில் பதிவு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் மக்கள் என்னை ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டார்கள். முதல் சில மாதங்கள் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைய முகாம்களுக்கு ஒரே நோக்கம்தான்: புரை. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் மேசை போடுவோம். செம்பாக்கம், குன்றத்தூர், படப்பை, குரோம்பேட்டை என்று இடம் மாறும். புரை முற்றியவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து அறுவை செய்து, பச்சைத் துணி கட்டிய கண்ணோடு வீட்டில் கொண்டுபோய் விடுவோம். புரை இல்லாதவர்களுக்கு நம்மிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. வரிசையில் நின்ற நேரம்தான் அவர்களுக்கு மிச்சம்.

படப்பையில் ஓர் அம்மாள் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார். “விடியறதுக்குள்ள சோறாக்கி வெச்சுட்டு வந்தேன். மூணு மணி நேரம் நிக்க வெச்சு, ‘ஒண்ணும் இல்ல, போங்க’ன்றீங்க. இதுக்கு இன்னாத்துக்கும்மா ஆட்டோல மைக்கு கட்டிகினு கூப்ட்டீங்க?”

நியாயமான கோபம். அதற்கடுத்த முகாமில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. கூட்டம் வராவிட்டால் உண்மையாகவே புரை உள்ளவர்களையும் கண்டுபிடிக்க முடியாது என்று நான் கவலைப்பட்டேன். அந்தக் கவலையில் தவறில்லை. அதற்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் தவறு.

அஞ்சலட்டை அளவில் மஞ்சள் அட்டைகள் அச்சிட்டேன். பெயர், வயது, முகாம் நடந்த நாள். கீழே ஒரு ரப்பர் முத்திரை: ‘கண் பரிசோதிக்கப்பட்டது. பார்வை நன்று.’ புரை இல்லாதவர்கள் இந்த அட்டையோடு வீட்டுக்குப் போகட்டும் என்பது என் யோசனை.

எங்கள் தலைமை மருத்துவர் சுருக்கமாகப் பேசும் அம்மையார். முத்திரையின் வாசகத்தைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“‘பார்வை நன்று’ன்னு போடாதே. ‘இன்று புரை இல்லை’ன்னு போடு. நாம பார்த்தது அவ்வளவுதான்.”

“இல்லைன்னு எழுதித் தர்றதுக்கு ஒரு அட்டையா டாக்டர்? யார் அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க? சந்தோஷமா ஏதாவது சொல்லி அனுப்பணும்.”

அறுவை அரங்கில் நோயாளி காத்திருந்தார். “என்னவோ பண்ணு. யோசிச்சுப் பண்ணு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களில் முதலாவதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

அட்டை எதிர்பார்த்ததற்கு மேலேயே வேலை செய்தது. அடுத்தடுத்த முகாம்களில் வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்கள். தாம்பரம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த லேமினேஷன் கடைக்காரர், வாரம் தவறாமல் எங்கள் அட்டை இரண்டு மூன்றாவது தன்னிடம் வருவதாகச் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குரோம்பேட்டை முகாமுக்கு ஏழுமலையைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவருடைய மனைவி கஸ்தூரி அழைத்து வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பதனிட்டு முடித்த தோல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து முத்திரையிடும் வேலை. தோலில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடிப்பவர் என்று வரிசையில் நின்றவர்களே சொன்னார்கள்.

“எழுதிக்கோங்க மேடம், ஏழுமலை. கண்ணுல கோளாறு ஒண்ணும் கிடையாது. இவ நச்சு தாங்காமத்தான் வந்தேன்.”

கஸ்தூரி அவரைத் தள்ளிக்கொண்டு மேசைக்கு வந்தார். “சிஸ்டர், இவருக்கு மூணு வருசமா சக்கரை கீது. அத்தச் சொல்ல மாட்டாரு. மாத்திரைய ஒரு நாள் போட்டா நாலு நாள் போட மாட்டாரு. டீயில மட்டும் நாலு ஸ்பூன் கேக்கும். கண்ண ஒயுங்கா பாருங்க.”

“ஆமா, டீ குடிச்சா கண்ணு அவிஞ்சு பூடும். எங்க படிச்ச நீ?” என்றார் ஏழுமலை. வரிசை சிரித்தது.

எழுத்துப் பலகைக்கு முன்னால் ஒரு கண்ணை மூடி, மற்றதை மூடி, கடைசி வரிவரை தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்தார். படித்துவிட்டுத் திரும்பி, “அடியில பொடி எழுத்துல பிரஸ் பேரு போட்டுகீது. அதையும் படிக்கட்டா மேடம்?” என்றார். இந்த முறை நானும் சிரித்தேன்.

சர்க்கரை நோய் உண்டென்று யாராவது சொன்னால், எழுத்தைப் படித்தாலும் படிக்காவிட்டாலும், சொட்டு மருந்து போட்டுத் தன்னிடம் அனுப்ப வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கண்பாவை விரிந்தால்தான் கண்ணின் பின்புறத்தில் இருக்கும் விழித்திரையைப் பார்க்க முடியும். சர்க்கரை அங்கேயுள்ள மெல்லிய இரத்தக்குழாய்களைத்தான் முதலில் கெடுக்கிறது. நடுப்பகுதி தப்பியிருக்கும்வரை அந்த மனிதர் எல்லாவற்றையும் படிப்பார். இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லி உங்களிடம் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

சொட்டு மருந்து பெஞ்சு நிறைந்திருந்தது. ஒருவரைக் கூடுதலாக உட்கார வைத்தால் முக்கால் மணி நேரம் ஆகும். “மருந்து ஊத்தினா இன்னிக்கு ஃபுல்லா மங்கலாத்தான் இருக்குமாமே? ரெண்டு மணிக்குக் கப்பலுக்குப் போற தோலு லாட்ட பாக்கணும். கண்ண மங்கலாக்கிகினு எத்த வெச்சுப் பாப்பேன்?” என்றார் ஏழுமலை. அவருக்குப் பின்னால் வெயிலில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நான் அட்டையை எடுத்து முத்திரை குத்தினேன்.

“சிஸ்டர், மருந்து ஊத்தலியா?” என்று கஸ்தூரி கேட்டார்.

“கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டாரேம்மா. இதுக்கு மேல என்ன வேணும்?”

பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘ச’ என்று எழுதினேன். அந்த எழுத்தை வைத்துப் பிறகு யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. மனச்சாட்சிக்குக் கொடுத்த கைலஞ்சம் என்று இப்போது தோன்றுகிறது. இந்த வேலையில் உங்களுக்கும் அப்படிப்பட்ட பென்சில் குறிப்புகளைப் போடத் தோன்றும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, லேமினேட் செய்த அந்த மஞ்சள் அட்டையைக் கஸ்தூரி என் மேசைமேல் போட்டார்.

“இந்தாங்க சிஸ்டர், உங்க சர்டிபிகேட்டு. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருந்தாரு. ஆஸ்பத்திரிக்கு வாய்யான்னு எத்தினி தபா கூப்ட்டாலும் கையத் தூக்கி இத்தக் காட்டுவாரு. ‘படிச்சவங்க எழுதிக் குடுத்துட்டாங்க, நீ இன்னா அவங்களவிட பெரிய டாக்டரா’ன்னுவாரு. நானும் வாய மூடிகினேன். இப்போ பாருங்க.”

ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் கேட்டபோதுதான் பேசினார். “வலது கண்ணுல மொதல்ல ஒரு மயிரு தொங்கறாப்போல இருந்துச்சு டாக்டரம்மா. தோலு மேலதான் ஒட்டிகினு கீதுன்னு நாலு தபா தட்டி வுட்டேன். அப்பால கரியக் கரைச்சு ஊத்தினாப்போல ஆயிடுச்சு. சரியாப் பூடும்னு ஒரு மாசம் பாத்தேன்.”

சொட்டு மருந்து போட்டுப் பரிசோதித்த மருத்துவர் அவரிடம் மறைக்காமல் சொன்னார். வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்து நிரம்பியிருந்தது. அதை என்ன செய்ய முடியும் என்பது பிறகுதான் தெரியும். அவசரம் இடது கண்ணுக்கு. அதிலும் உடையக்கூடிய புதுக் குழாய்கள் கிளைத்துவிட்டன. நகரத்தில் லேசர் ஒளியால் விழித்திரையில் சூடு வைக்கும் கருவி உள்ள மருத்துவமனைக்கு இந்த வாரமே போனால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தள்ளிப்போட்டால் இதுவும் வலது கண்ணைப் போலவே ஆகிவிடும்.

“இந்தக் கண்ணுல எனக்கு ஒண்ணும் இல்லியே டாக்டரம்மா. கடைசி வரி இப்பவும் படிக்கிறேன். வேணா நிக்க வெச்சுப் பாருங்க.”

“நீங்க படிப்பீங்க. நான் சொல்றது அதுக்குப் பின்னாடி இருக்கிறதை.”

“நல்லா கீற கண்ணுல போயி சூடு வெக்கச் சொல்றீங்களே! கெட்டுப்போன கண்ணுக்கு ஒண்ணும் கிடையாதுன்றீங்க. இன்னா பேஜாரா கீது இது?” அவர் எழுந்துவிட்டார். கஸ்தூரி கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. இருவரும் வெளியே போனார்கள்.

மருத்துவர் மஞ்சள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் கையெழுத்துக்கு இடம் இல்லை. அதை வடிவமைத்தவள் நான்தான்.

“இவருக்குச் சர்க்கரைன்னு அன்னைக்கு முகாம்ல தெரியாதா?” என்று கேட்டார்.

“பதிவேட்டைப் பார்க்கணும் டாக்டர்” என்றேன்.

பதிவேட்டைப் பார்க்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை. பிரஸ் பெயரைப் படிக்கட்டுமா என்று அவர் கேட்டதுவரை நினைவிருந்தது. முத்திரை குத்தியது அவசரத்தில் நடந்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பதிலைச் சொன்னபோது யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த அறையில், நிதானமாக, என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொன்னேன். இத்தனை வருடங்களில் எதை நினைத்து அதிகம் கூசுகிறேன் என்று கேட்டால் இந்த ஒரு வரியைத்தான் சொல்வேன்.

மறுநாள் மாலை நாகல்கேணியில் அவர் வீட்டுக்குப் போனேன். கையில் துண்டுப்பிரசுரம் வைத்திருந்தேன். லேசர் என்பது ஒளி, கத்தி அல்ல, தங்க வேண்டியதில்லை, அன்றே திரும்பிவிடலாம் என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“அப்போ நல்லா கீதுன்னு சொன்னதும் நீங்கதான். இப்போ கெட்டுப்போச்சுன்னு சொல்றதும் நீங்கதான். நான் எத்த நம்பறது மேடம்?”

“அன்னைக்கு நல்லாத்தான் இருந்திருக்கும் ஏழுமலை. அதுக்கப்புறம் வந்திருக்கலாம்.”

சுவரோரம் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த கஸ்தூரியின் முறம் நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைய பதிவு மேசை அவருக்கும் நினைவில் இருந்தது. கணவருக்கு எதிரில் என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வாக்கியம் போதும். அவர் சொல்லவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எனக்குத் தேநீர் போட எழுந்தார். அந்தத் தேநீரை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை, புறநோயாளிகள் வருவதற்குமுன், மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கஸ்தூரி சொன்னது, பெஞ்சு நிறைந்திருந்தது, பென்சில் குறிப்பு, ‘பதிவேட்டைப் பார்க்கணும்’ என்ற பொய். அவர் கடிந்துகொள்வார் என்று நினைத்தேன். ஒருவேளை அதை எதிர்பார்த்தே போனேன்; திட்டு வாங்கிக்கொண்டால் கணக்குத் தீர்ந்துவிடும் அல்லவா?

“‘பார்வை நன்று’ன்னு போட விட்டது நான். அந்தத் தப்பு என்னோடது” என்றார். “சர்க்கரைன்னு கேட்டும் என்கிட்ட அனுப்பாதது உன்னோடது. சரி, இதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அந்த இடது கண்ணு என்கிட்டயா இருக்கு?”

பிறகு அன்றைய முதல் நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

மதியம் தோல் கூடத்துக்குப் போனேன். வாயிற்காவலர் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு உள்ளே விட்டார். சுண்ணாம்பும் தோலும் கலந்த வாடையைத் தாண்டி, பின்கட்டில் வடக்குப் பார்த்த பெரிய சன்னல்களுக்குக் கீழே நீண்ட மேசை. ஏழுமலை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது கண்ணால் மட்டும் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு வலப்பக்கம் போய் நின்றேன். நின்றது அவருக்குத் தெரியவில்லை.

எதிரே இருந்தவர்தான், “இன்னா ஏழுமல, ஆஸ்பத்திரியே உன்னத் தேடிகினு வந்துகீது! பெரிய ஆளுதான்யா நீ” என்றார்.

அவர் திரும்பினார். எத்தனையோ விதமாகத் தொடங்க யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

“நேத்து உங்க வீட்டுல நான் பொய் சொன்னேன். முகாம்ல உங்க கண்ணோட பின்பக்கத்தை நாங்க பார்க்கவே இல்லை. நீங்க எழுத்துப் படிச்சதை மட்டும்தான் பார்த்தோம். உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு உங்க வீட்டுக்காரம்மா என்கிட்ட சொன்னாங்க. மருந்து போட்டு டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கணும். அனுப்பாம முத்திரை குத்தினது நான்தான். அன்னைக்கு உங்க கண்ணு நல்லா இருந்துச்சா, இல்லையான்னு எனக்குத் தெரியாது. பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

மேசையைச் சுற்றி நின்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஏழுமலை கையிலிருந்த தோலைப் பளபளப்பான பக்கம் மேலே வரும்படி என்னிடம் விரித்துக் காட்டினார்.

“எப்படி கீது?”

“நல்லா இருக்கு.”

தோலைப் புரட்டினார். அடிப்பக்கத்தில், உரிக்கும்போது கத்தி பட்டு, பாதி ஆழத்துக்கு வெட்டு விழுந்திருந்தது.

“இந்த மாதிரி முப்பது நாப்பது தோல பொரட்டறேன் ஒரு மணி நேரத்துல. பின்பக்கம் பாக்காம முத்திர குத்தினா மொதலாளி அன்னிக்கே என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாரு. மாட்டுத் தோலுக்கே இந்தக் கதி. என் கண்ண நீங்க பொரட்டிப் பாக்கலியா மேடம்?”

நான் அந்த வெட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

“எத்தினி பேருக்கு இந்த மாதிரி குத்தினீங்க?”

“தெரியாது. பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்லணும்.” இந்த முறை அது உண்மை.

அவர் தோலை இரண்டாம் தரக் குவியலில் போட்டார். கோபம் அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது. “டாக்டரம்மா பாத்தாங்களா? பின்பக்கம்? அவங்க கண்ணால?”

“பார்த்தாங்க.”

“அப்போ இன்னா பாத்தாங்களோ அத்த எனக்குப் படம் போட்டுக் காட்டச் சொல்லுங்க. நாளைக்கு வர்றேன். உங்க பேச்சுக்காக வரல.”

மறுநாள் வந்தார். மருத்துவர் ஒரு வெள்ளைத்தாளில் பெரிய வட்டம் போட்டு, இடது கண்ணில் தான் பார்த்ததைச் சிவப்பு மையால் வரைந்தார். சரியான குழாய்கள் எப்படிக் கிளைக்கும், அவருடையவை எங்கே புதர் மாதிரி பின்னிக்கிடக்கின்றன, எங்கெங்கே புள்ளி புள்ளியாகக் கசிந்திருக்கிறது என்று. ஏழுமலை தாளை எடுத்துச் சன்னல் பக்கம் கொண்டுபோனார். ஒரு தோலைப் பார்ப்பது போலவே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“தோல்லகூட இந்த மாதிரி நரம்பு ஓடிகினு இருக்கும் டாக்டரம்மா. மேல பாலீஸ் போட்டா தெரியாது. ஷூ தைக்கறப்போ இழுத்தா அங்கதான் பிளக்கும்.”

“அதேதான்” என்றார் மருத்துவர்.

“எப்போ போவணும்?”

வெள்ளிக்கிழமை குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் மூவரும் போனோம். லேசர் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வெளியே வந்தவர், “ஊசி ஊசியா இடிச்சுது. தாங்கலாம்” என்றார். சில வாரங்கள் விட்டு விட்டு மேலும் சில முறை போக வேண்டியிருந்தது. கஸ்தூரி துணைக்குப் போனார். டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரைகூட விழாமல் பார்த்துக்கொண்டார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையைத் தவறாமல் போட வைத்தார்.

இடது கண் தப்பியது. லேசர் செய்வது அவ்வளவுதான்: இருப்பதைக் காக்கும், போனதைக் கொண்டுவராது. வலது கண்ணில் இரத்தம் ஓரளவு கரைந்தபோது, விழித்திரை இழுபட்டுக் கிடந்தது தெரிந்தது. அதற்கான அறுவை அன்று எங்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. ஒரு கண்ணோடு மாலை வெளிச்சத்தில் தரம் பிரிக்க முடியாமல், அடுத்த ஆண்டு ஏழுமலை கட்டுக் கட்டும் பகுதிக்கு மாறிக்கொண்டார். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைச் சொட்டு மருந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தால் வலது கண்ணும் இருந்திருக்குமா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டேன். “இருந்திருக்கலாம்” என்றார். ‘கட்டாயம்’ என்று சொல்லியிருந்தாலும், ‘இல்லை’ என்று சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

பதிவேடுகளில் பென்சிலால் எழுதிய ‘ச’ அவர் ஒருவருக்கு மட்டும் இல்லை. அவற்றையெல்லாம் தனித்தாளில் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நாகல்கேணித் தெருக்களில் வழிகாட்டக் கஸ்தூரி தானாகவே வந்தார். வந்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் குரல் கொடுப்பார்: “யக்கா, சிஸ்டர் குடுத்த சர்டிபிகேட்ட சிஸ்டரே திருப்பி வாங்க வந்துகீறாங்க. எடுத்தா. உன் வூட்டுக்காரர ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.” சிலர் சிரித்தார்கள். சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஃப்ரேம் போட்டு மாட்டியதைக் கழற்றித் தர முடியாது என்று ஒருவர் கதவைச் சாத்தினார். செம்பாக்கத்தில் ஏரிக்கரையோரம் இருந்த ஒரு பள்ளி ஆசிரியை மறுவாரமே வந்தார். அவர் கண்ணில் தொடக்கநிலை மாற்றங்கள் இருந்தன. நேரத்தோடு வந்துவிட்டதால் ஒன்றும் இழக்கவில்லை.

படப்பையில் ஒரு வீட்டில் நான் பெயர் சொன்னதும் உள்ளேயிருந்து ஒருவர் அன்பாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அட்டை பத்திரமாக இருக்கிறது என்றார். அது எங்கே இருக்கிறதென்று தேடி எடுத்துத் தர அவர் மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. என் பக்கம் திரும்பியிருந்த முகம், நான் நாற்காலி மாறி உட்கார்ந்த பிறகும் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எப்போதிருந்து என்று கேட்டேன். அட்டை வாங்கி ஒன்றரை வருடம் கழித்து என்றார். என்னைக் குறை சொல்லவே இல்லை. அவரிடமும் உண்மையைச் சொன்னேன். “எனக்கு இருந்த நேரம் அப்படி, நீங்க என்ன பண்ணுவீங்க” என்றார். ஏழுமலையின் கோபத்தை வாங்கிக்கொள்ள முடிந்தது. இதை இன்றுவரை முடியவில்லை.

நீங்கள் நல்லவர்கள்; இல்லாவிட்டால் இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டீர்கள். நல்லவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. வெயிலில் காத்து நின்ற மனிதரை மகிழ்ச்சியாக அனுப்ப வேண்டும் என்று நமக்கு ஆசையாக இருக்கும். நமக்குத் தெரிந்தது கொஞ்சம். அவருக்கு நிம்மதி தரத் தேவையானது அதிகம். அந்த இடைவெளியை நம் சொல்லால் நிரப்பிவிடுவோம். அதன் விலையை நாம் கொடுப்பதில்லை.

அந்த ஆண்டோடு முத்திரையை நிறுத்தினோம். அதற்குப் பிறகு எங்கள் முகாம்களில் சர்க்கரை உண்டா என்ற கேள்வியை வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டோம். உண்டு என்றவர்களை எழுத்துப் பலகை முடிந்ததும், அவர்கள் எவ்வளவு நன்றாகப் படித்தாலும், சொட்டு மருந்துக்கு அனுப்பினோம். அன்று கண்ணை மங்கலாக்கிக்கொள்ள முடியாதவர்களுக்கு வேறொரு நாள் குறித்து, அந்த நாளில் வராதவர்களைத் தேடிப் போனோம். அட்டையில் எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை, அடுத்து எந்த மாதம் வர வேண்டும் என்ற மூன்றை மட்டும் எழுதி, எழுதியவரின் கையெழுத்தோடு கொடுத்தோம். கூட்டம் குறைந்தது. குறைந்த கூட்டத்தோடுதான் ஓய்வு பெறும்வரை முகாம் நடத்தினேன்.